கந்தோர் வேலை, இரவில் கணக்கு: இப்படி வாழ்ந்தவர்களைப் பற்றிக் கதைப்போம்

துருசடி (கிளிநொச்சி)

வணக்கம். நான் நீர்ப்பாசனப் பக்கம் தொழினுட்ப உத்தியோகத்தர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, டிப்ளோமா முடித்து வேலைக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதைதான். என் விசயத்தில் ஒரு வித்தியாசம், கணக்கு என்னை விட்டுப் போகவில்லை. பகலில் குளத்து மட்டம் பார்ப்பது, வாய்க்கால் திருத்தத்துக்கு மதிப்பீடு எழுதுவது, தண்ணீர் வரவில்லை என்று கந்தோருக்கு வருகிற கமக்காரருக்குப் பதில் சொல்வது. இரவில் சாப்பிட்ட பிறகு ஒரு கொப்பியும் பேனையும். எண்களைப் பற்றிய கணக்குகள்தான் அதிகம்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் கூடப் படித்தவன் கேட்டான்: "இன்னும் கணக்குச் செய்கிறாயாமே, என்ன சோதனை எடுக்கப் போகிறாய்?" ஒரு சோதனையும் இல்லை என்றேன். பதவி உயர்வுக்கா என்று கேட்டான். அதுவும் இல்லை என்றதும் என் மனைவியைப் பாவமாகப் பார்த்தான்.

வேறு தொழில் செய்துகொண்டு கணிதத்தை விருப்பத்துக்காக மட்டும் செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அதுதான் நான் கேட்க வந்தது. ராமானுசன் கதையை மட்டும் யாரும் தொடங்க வேண்டாம். அவர் தெய்வப் பிறவி என்று சொல்லி முடித்துவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விடுவோம். எனக்கு வேண்டியது சம்பளத்துக்கு வேலை செய்த சாதாரண ஆக்களின் கதை.

சும்மா வந்தேன் என்று இருக்கக்கூடாது, வேலையில் வந்த ஒரு கணக்கையும் வைக்கிறேன். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவோம். ஒரு கிளை வாய்க்கால் 6 நாளுக்கு ஒரு தடவை, மற்றது 8 நாளுக்கு ஒரு தடவை. இரண்டும் ஒரே நாளில் திறந்தால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. முதலாவதை 1ஆம் நாளும் மற்றதை 2ஆம் நாளும் தொடங்கினால், எப்போதாவது இரண்டும் ஒரே நாளில் வருமா?

முறிகண்டிச் சந்தி

வராது அண்ணை. 1, 7, 13, 19 எல்லாம் ஒற்றை. 2, 10, 18, 26 எல்லாம் இரட்டை. எந்தக் காலத்திலும் சந்திக்காது. பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்துவிட்டு, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடருங்கள்.

கணக்கு ரீச்சர் (முல்லைத்தீவு)

தம்பி, நீங்கள் கேட்ட ஆள் ஒருவர் எங்கள் சாதாரண தரப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறார். பிள்ளைகள் தாயம் என்று ஒரு பாடம் படிக்கிறார்களே, நிரையும் நிரலும், கூட்டல், பெருக்கல். அதை ஒரு தனிக் கணிதமாக எழுதி வைத்தவர் ஆர்தர் கெய்லி. 1858இல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவர் பேராசிரியர் இல்லை. லண்டனில் காணி உறுதி எழுதுகிற லோயர்.

கேம்பிரிட்ஜில் 1842இல் முதலாம் ஆளாகத் தேறியவர். ஆனால் கணிதத்தில் நிலையான வேலை அன்று எளிதில் கிடைக்காது, அதனால் சட்டம் படித்தார். 14 வருடம் அந்தத் தொழில். அந்தக் காலத்தில் மட்டும் 200க்கு மேற்பட்ட கணிதக் கட்டுரைகள். 1863இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராகக் கூப்பிட்டது. சம்பளம் லோயர் வருமானத்தைவிட நன்றாகக் குறைவு, என்றாலும் போனார்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. வேலையில் அளவு வைத்திருந்தார். வருகிற உறுதி எல்லாவற்றையும் எடுத்திருந்தால் பெரும் பணக்காரராகியிருக்கலாம். சீவியத்துக்குப் போதுமான அளவு எடுத்துக்கொண்டு மிச்ச நேரத்தைக் கணக்குக்கு வைத்தார். ரியூசன் கொட்டில் போட்டுக் காலை ஐந்து மணிக்கே பிள்ளைகளை எழுப்புகிற எங்கள் ஆக்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொருவர் என் சாதிக்காரர், அதாவது பள்ளிக்கூட வாத்தியார். த. ரா. கப்ரேகர். மகாராட்டிரத்தில் நாசிக்குக்குப் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் 1930 முதல் 1962 வரை படிப்பித்தார். பி.எஸ்சி. பட்டத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் 1949இல் கண்டுபிடித்ததைத்தான் நான் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மழை நாளில் செய்து காட்டுவது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நாலிலக்க எண் சொல்லுங்கள் என்றேன். ஒரு பிள்ளை தான் பிறந்த வருடம் 2009ஐச் சொன்னாள். இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தால் 9200, ஏறுவரிசையில் 0029. கழித்தால் 9171. அதையே திரும்பச் செய்தால் 9711 − 1179 = 8532. இன்னொரு தரம், 8532 − 2358 = 6174. இனி எத்தனை தரம் செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் கூடியது ஏழு படிக்குள் அங்கே வந்துவிடும். ஐந்தாறு பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழும்பவில்லை.

அவர் உயிரோடு இருந்தபோது இந்தியாவிலேயே பல கணிதக்காரர் இதை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975இல் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் பத்திரிகையில் தன் கணிதப் பத்தியில் எழுதிய பிறகுதான் உலகம் பார்த்தது. அப்போது அவருக்கு 70 வயது. ஓய்வூதியம் போதாமல் கணக்கும் விஞ்ஞானமும் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டுசுட்டான் கமம்

எல்லாம் நல்ல கதைதான். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், கோபிக்கக்கூடாது.

ரீச்சர் சொன்ன கெய்லி, லண்டனில் உறுதி எழுதியவர். வேலையைக் குறைத்தாலும் வயிறு நிறையும். எங்களுக்கு அந்த வசதி இருக்கிறதா? காலபோகம் அழிந்தால் அடுத்த போகத்துக்கு விதைநெல் கடன். தம்பி துருசடி இரவில் இரண்டு மணித்தியாலம் ரியூசன் கொடுத்தால் வருடக் கடைசியில் ஒரு அறை கட்டலாம். பிள்ளைகளும் படிக்கும், ஊருக்கும் பிரயோசனம். 6174 எங்கே போய் முடிகிறது என்று தெரிந்து யாருடைய வயலுக்குத் தண்ணீர் ஏறப்போகிறது?

கப்ரேகர் கடைசியில் ரியூசன் கொடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் ரீச்சர். அதை முதலிலேயே செய்திருக்கலாம்!

முறிகண்டிச் சந்தி

அண்ணை, பின்னேரம் கரப்பந்து விளையாடுகிறவனிடம் "அந்த நேரம் மண்வெட்டி பிடித்தால் வாய்க்கால் வெட்டலாம்" என்று யாரும் சொல்வதில்லை. கணக்கென்றால் மட்டும் ஏன் எல்லோரும் பிரயோசனம் கேட்கிறீர்கள்?

ஒட்டுசுட்டான் கமம்

கரப்பந்து விளையாடினால் தொந்தி குறையும்.

மாங்குளம் தாதி

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். கணிதக்காரி இல்லை, ஆனால் கோலத்தில், தரை ஓட்டில் எப்போதும் கண் போகும். அதனால் எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன், மார்ஜரி ரைஸ். அமெரிக்காவில் சான் டியேகோ. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர், வீட்டுக்காரி, பிள்ளைகளின் தாய்.

ஒரே வடிவ ஐங்கோண ஓடுகளால் இடைவெளி இல்லாமல் தரையை மூட வேண்டும், ஐங்கோணம் உள்ளே மடியாமல் குவிவாக இருக்க வேண்டும். அப்படி எத்தனை வகை? 1968இல் ஒரு கணிதக்காரர் எட்டு, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். 1975இல் கார்ட்னர் அதைப் பத்திரிகையில் எழுதினார். உடனே ஒரு வாசகர் ஒன்பதாவதை அனுப்பினார். மகனுக்காக வாங்கிய பத்திரிகையில் மார்ஜரி இதைப் பார்த்தார். கோணங்களையும் பக்கங்களையும் குறிக்கத் தானே ஒரு குறியீடு அமைத்துக்கொண்டார். 1977க்குள் நாலு புது வகை! அதற்குப் பிறகு 1985இல் ஒன்று, 2015இல் ஒன்று. மொத்தம் 15. அதற்கு மேல் இல்லை என்று 2017இல்தான் கணினி உதவியோடு காட்டினார்கள், அதே வருடம் மார்ஜரியும் இறந்தார். அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் தலைமையகத்து முன்மண்டபத் தரையில் அவருடைய ஐங்கோணங்களைத்தான் பதித்தார்கள்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரத்தில் குசினி மேசையில் வரைவாராம். யாராவது வந்தால் மூடிவிடுவாராம். துருசடி அண்ணா, நீங்கள் இரவு சாப்பிட்ட பிறகு கொப்பியோடு இருக்கிறீர்கள். நல்லது. அந்த நேரத்தில் சட்டி கழுவுவது யார், பிள்ளையைப் படுக்க வைப்பது யார்? குறையாகச் சொல்லவில்லை. விருப்பத்துக்குக் கணக்குச் செய்த ஆம்பிளைகள் பட்டியலில் பத்துப் பேர் வந்தால் பொம்பிளை ஒருத்திதான் வருகிறாள். மூளையில் குறை இல்லை, நேரம் கிடைக்கவில்லை.

துருசடி

தங்கச்சி, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் மகனுக்கு மனைவிதான் வீட்டுவேலை சொல்லிக் கொடுக்கிறாள். கணக்குப் பாடம் வேறு! வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை இரவு அவளுடைய நேரம் என்று முடிவாகியிருக்கிறது. தையல் மெசின் சத்தத்தில் எனக்குக் கணக்கு ஓடாது, அது வேறு விசயம்.

ஸ்காபரோ வன்னியன்

நான் புதுக்குடியிருப்புப் பக்கம், இப்போது கனடாவில். கமக்கார அண்ணைக்கு ஒரு கதை.

எங்கள் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. கரண்ட் இல்லாத வருடங்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி வைத்த சிக்கன விளக்கில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம். கடை பூட்டிய பிறகு அவர் அந்த வெளிச்சத்தில், முடிந்துபோன பங்கீட்டுக் கொப்பிகளின் பின்பக்கத்தில், மாயச் சதுரம் போடுவார். நாலுக்கு நாலு. 1 முதல் 16 வரை, எந்தப் பக்கம் கூட்டினாலும் 34. ஒன்றைச் சுழற்றினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் வருவதைப் புதிதாக எண்ண மாட்டார், அதில் கண்டிப்பு. மொத்தம் எத்தனை என்று முடிவாகக் காண்பதுதான் அவருடைய இலட்சியம். நான் கடைக்குச் சீனி வாங்கப் போனால் ஒரு சதுரத்தைப் பாதி நிரப்பித் தந்து, "மிச்சத்தைப் போட்டுக்கொண்டு வா" என்பார்.

2009 தொடக்கத்தில் சண்டையால் வெளிக்கிட்டபோது எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருந்தன. திரும்பிப் போனபோது வீடே இல்லை. மெனிக் பாம் அகதி முகாமில் ஒரு கூடாரத்தில் அவரைக் கண்டேன், திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஐயா, மனம் விட்டுப் போகவில்லையா என்று கேட்டேன். "இரண்டாம் தரம் எழுதும்போதுதான் தெரிகிறது, முதல் எழுதியதில் பாதி தேவையில்லாதது" என்றார்.

அவருக்கு வசதி இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணை.

பம்பைமடு

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அந்த முகாமையாளர் ஐயா தேடிய எண்ணிக்கை 880. அதைக் கண்டவர் பேர்னார் பிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரர், அவர் இறந்த பிறகு 1693இல் அச்சானது. அவருடைய தொழில் என்ன தெரியுமா? பாரிசில் நாணய விவகாரங்களைப் பார்க்கிற நீதிமன்றத்தில் உத்தியோகம். கூட்டுறவுச் சங்கத்துக்கும் நாணயத்துக்கும் பெரிய தூரமில்லை.

பிரெனிக்கிளோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு உத்தியோகத்தர் பியர் டி பெர்மா. துலூசில் 1631 முதல் நீதிமன்ற ஆலோசகர். பகலில் வழக்கும் மனுவும். தன் பெயரில் ஒரு கணித நூலும் அச்சிடவில்லை. கண்டதெல்லாம் கடிதமாகப் போனது, அல்லது புத்தகத்து ஓரத்தில் கிடந்தது. 1640இல் பிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில்தான் இன்று எல்லா எண்கோட்பாட்டுப் பாடத்திலும் வருகிற பெர்மாவின் சிறிய தேற்றம் இருக்கிறது. 1654இல் பாஸ்கலோடு நடந்த கடிதங்களில் நிகழ்தகவு பிறந்தது. இடையில் நின்றுபோன சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விதான் தொடக்கம்! ஓரத்தில் எழுதிய அந்தப் பிரபலமான குறிப்பு, பெர்மாவின் கடைசித் தேற்றம் என்பது, அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து 1670இல் மகன் வெளியிட்டது. நிறுவ 1990கள் வரை சென்றது.

இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நேரமும் பணமும் முக்கியம்தான், கமக்கார அண்ணையும் தாதித் தங்கச்சியும் சொல்வது சரி. ஆனால் இந்த வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தியதும் விழுத்தியதும் வாசிக்க ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான். பெர்மாவுக்கு மெர்சென் என்ற பாதிரியார் இருந்தார். ஐரோப்பா முழுக்கக் கடிதம் வாங்கி, நகலெடுத்து, மற்றவருக்கு அனுப்புகிறவர். மார்ஜரி ரைஸ் தன் வரைபடங்களைக் கார்ட்னருக்கு அனுப்பினார், அவர் டொரிஸ் சாட்ஷ்னைடர் என்ற கணிதப் பேராசிரியைக்கு அனுப்பினார். யாரும் விளங்காத அந்தச் சொந்தக் குறியீட்டை அந்த அம்மா பொறுமையாக இருந்து வாசித்தார். வாசித்திருக்காவிட்டால் நாலு ஐங்கோணமும் குசினி மேசையோடு போயிருக்கும்.

வாசிக்க ஆள் இல்லாதவர் கூர்ட் ஹீக்னர். ஜெர்மனியில் வானொலிப் பொறியியல், கொஞ்சக் காலம் பள்ளிக்கூட வேலை. துருசடிக்கு இது பிடிக்கும், கவனியுங்கள். n² + n + 41 என்பதில் n க்கு 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் முதன்மை எண்தான் வரும். இதற்குப் பின்னால் இருப்பது 163 என்ற எண். அதைப் போன்ற தன்மையுள்ள எண்கள் மொத்தம் ஒன்பதுதான், கடைசி 163 என்பது காவுசு என்ற பெரிய கணிதக்காரரின் காலத்திலிருந்து வந்த ஊகம். 1952இல் ஹீக்னர் நிறுவி வெளியிட்டார். பெயர் தெரியாத ஆள், எழுத்தும் வாசிக்கக் கடினம். பிழை இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1965இல் இறந்துபோனார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் பேக்கரும் ஸ்டார்க்கும் தனித்தனியாக நிறுவினார்கள். பிறகு ஸ்டார்க் பழையதைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், இருந்தது எளிதில் அடைக்கக்கூடிய சிறு இடைவெளி. அவர் உயிரோடு இருந்தபோது யாராவது ஒரு மாலை அவரோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

முறிகண்டிச் சந்தி

சேர், அப்படியென்றால் எனக்கும் ஒரு ஆள் வேண்டும். கவராயமும் அளவில்லாத வரைகோலும் மட்டும் வைத்து எந்தக் கோணத்தையும் மூன்றாகப் பிரிக்கிற வழி என் மாமா ஒருவரிடம் இருக்கிறது. பேப்பரில் வந்தால்தான் காட்டுவாராம்.

பம்பைமடு

உங்கள் மாமாவைப் போன்றவர்களின் கடிதம் எனக்கு அவ்வப்போது வரும். முடியாது என்று வாண்ட்செல் 1837இலேயே நிறுவிவிட்டார். "இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை" என்பது வேறு, "இருக்க முடியாது என்று காட்டியாயிற்று" என்பது வேறு. மாமாவின் படத்தை அனுப்புங்கள், எந்த இடத்தில் வரைகோலில் குறி போட்டார் என்று சொல்கிறேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நக்கலாகச் சொல்லவில்லை, வரைகோலில் குறி போடலாம் என்று விட்டால் உண்மையிலேயே பிரிக்கலாம், ஆர்க்கிமிடீசு செய்தார்.

பிழை விடுவதில் வெட்கமில்லை. ஆல்பிரட் கெம்ப் லண்டன் வழக்கறிஞர். எந்த வரைபடத்துக்கும் நாலு நிறம் போதும் என்று 1879இல் நிறுவினார். பதினொரு வருடம் எல்லோரும் நம்பினார்கள். 1890இல் ஹீவுட் பிழையைக் காட்டினார். ஆனால் கெம்ப் அதில் பயன்படுத்திய உத்தி வீணாகவில்லை. 1976இல் கணினியோடு முடித்தபோதும் அந்த உத்தியின் வழியில்தான் போனார்கள். மாமாவுக்கும் கெம்புக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். கெம்ப் காட்டினார், மாமா காட்டமாட்டேன் என்கிறார்.

பழைய கச்சேரி (வவுனியா)

ஓய்வுபெற்ற ஆள் நான். துருசடி வேண்டாம் என்று சொன்ன கதையைத் தொடங்கப் போகிறேன், மன்னிக்கவும். ராமானுசனைப் பற்றி இல்லை, அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றி.

வேலை தேடி அவர் ஒரு கொப்பியோடு போய் நின்றது வி. ராமசாமி ஐயரிடம். அவர் உதவிக் கலெக்டர், எங்கள் கச்சேரி ஆக்கள் மாதிரி வருமான இலாகா உத்தியோகத்தர். ஆனால் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியதே அந்த உதவிக் கலெக்டர்தான். கொப்பியைப் பார்த்தார், இந்தப் பிள்ளைக்கு இலாகாவில் ஒரு கீழ்மட்ட வேலை கொடுத்து அழிக்கக்கூடாது என்று வேலை கொடுக்காமல் கடிதம் கொடுத்தார். அடுத்தவர் ராமச்சந்திர ராவ், நெல்லூர் கலெக்டர், அதே சங்கத்தின் செயலாளர். கொஞ்சக் காலம் தன் பணத்திலிருந்து மாதம் மாதம் உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிளார்க் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதக்காரர், அதே சங்கத்தில் இருந்தவர். இரவில் இரண்டு பேரும் சிலேட்டில் கணக்குப் போடுவார்கள். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் கார்டிக்குக் கடிதம் போனது இவர்கள் எல்லோரும் தள்ளிவிட்ட பிறகுதான்.

ஆக, கண்டெடுத்தவர்கள் யார்? இரண்டு வருமான இலாகாக்காரர், ஒரு துறைமுகக் கணக்காளர். இவர்களுக்குப் பெரிய தேற்றம் ஒன்றும் பெயரில் இல்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கணக்குச் செய்கிறவர்களாக இருந்தபடியால்தான் கொப்பியைத் திறந்ததும் விளங்கியது. கணக்கு விளங்காத ஒரு கலெக்டராக இருந்திருந்தால், "தம்பி, விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வா" என்றிருப்பார். ஒட்டுசுட்டான் தம்பி பிரயோசனம் கேட்டபடியால் சொல்கிறேன்.

எங்கள் தொகுதிக்கும் ஒரு கதை இருக்கிறது, தலைகீழாக. செல்லப்பா சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் வவுனியாவில் நின்று நாடாளுமன்றம் போனார், முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி. அடங்காத் தமிழன் என்ற பெயரில்தான் இன்று ஊருக்கு அவரைத் தெரியும், கணிதம் படிப்பித்தவர் என்று சொன்னால் இளம் ஆக்கள் நம்புவதில்லை.

மாங்குளம் தாதி

வாசிக்க ஆள் என்று சேர் சொன்னதும் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் டேவிட் சிமித் என்ற ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்காரர். ஒரே ஒரு வடிவ ஓட்டால் தரையை மூட வேண்டும், ஆனால் கோலம் ஒருபோதும் அப்படியே திரும்பத் திரும்ப வரக்கூடாது. பல வருடமாகத் தேடிய வடிவத்தை, 13 பக்கமுள்ள தொப்பி மாதிரி ஒன்றை, 2022 நவம்பரில் அவர் கண்டார். கடதாசி மட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்துத்தான்! உடனே கிரேக் கப்லான் என்ற கணினிப் பேராசிரியருக்கு எழுதினார். பிறகு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து நிறுவி, 2023 மார்ச்சில் நாலு பேரின் பெயரிலும் வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது. எக்ஸ்ரே உறையின் மட்டையில் நானும் வெட்டி வைத்திருக்கிறேன், வாட்டுப் பிள்ளைகளுக்கு நேரம் போகிறது.

கணக்கு ரீச்சர்

அப்படியானால் நாங்கள் இங்கே ஆளுக்காள் புகழ்ந்துகொண்டிருப்பதைவிட, ஒரு வேலை செய்யலாம். துருசடி, கொப்பியில் இருந்து ஏதாவது ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள். நான் வாசிக்கிறேன். எனக்கு ஏறாததைப் பம்பைமடு சேர் வாசிக்கட்டும். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை சனிக்கிழமை பின்னேரம் சும்மா கிடக்கும், அதிபரைக் கேட்டுப் பார்க்கலாம். ரியூசன் இல்லை, காசு இல்லை, சோதனையும் இல்லை. பொம்பிளைகளும் வரக்கூடிய நேரமாக வைக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் கமம்

சரி, சரி. எல்லோரும் சேர்ந்து என்னை மடக்கிவிட்டீர்கள். முகாமையாளர் ஐயாவின் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. ரியூசன் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றமாட்டேன்.

தம்பியின் வாய்க்கால் கணக்கைப் பார்த்தேன். எங்கள் கமக்கார அமைப்பில் இருப்பது இரண்டு இல்லை, மூன்று வாய்க்கால். வசதிக்கு 6 நாள், 10 நாள், 15 நாள் என்று வைப்போம். கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார், முதலாவதும் இரண்டாவதும் சில நாள் சேர்ந்து வரட்டும், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வரட்டும், மூன்றாவதும் முதலாவதும் வரட்டும், சமாளிக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே நாளில் வராமல் தொடக்க நாளைப் போட்டுத் தா என்று. நான் கொப்பியில் பல விதமாகப் போட்டுப் பார்த்தேன். 1, 3, 13 என்று தொடங்கினால் 13ஆம் நாளே மூன்றும் மோதுகிறது. இரண்டிரண்டாகச் சேர விட்டால் எப்படியும் எங்கேயோ மூன்றும் சேர்ந்துவிடுகிறது. இது என் தலைவிதியா, இல்லை கணக்கா?

துருசடி

கணக்குத்தான் அண்ணை! இரண்டு வாய்க்கால் சந்திக்க வேண்டுமானால் தொடக்க நாட்களின் வித்தியாசம் பொ.கா.பெ.யால், அதாவது இரண்டு முறை நாட்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்ணால், வகுபட வேண்டும். 6, 10 க்கு அது 2. 10, 15 க்கு 5. 6, 15 க்கு 3. இனி 2, 3, 5 மூன்றும் முதன்மை எண்கள். முதலாவதும் இரண்டாவதும் ஒத்துப்போனால் 2ஆல் வகுக்கும்போது இரண்டுக்கும் ஒரே மீதி வரும். அப்படியே 5, அப்படியே 3. மூன்று மீதியும் தீர்மானமாகிவிட்டால் 30 நாளுக்குள் அந்த மூன்றுக்கும் பொருந்துகிற நாள் ஒன்று இருந்தே தீரும். உங்கள் கூட்டத்தில் கேட்டவருக்கு, முடியாது என்று எழுத்தில் கொடுக்கலாம்.

6, 10, 15 க்கு மட்டும்தானா, எந்த மூன்று எண்ணுக்கும் இப்படியா? எந்த எண்ணுக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் 4, 8 மாதிரி ஒரே முதன்மை எண்ணின் அடுக்குகள் வரும்போது என் நிறுவல் தடுக்குகிறது.

பம்பைமடு

எந்த எண்ணுக்கும்தான், மூன்றுக்கு மேல் எத்தனை வாய்க்கால் என்றாலும். தடுக்குகிற இடத்துக்கு ஒரு வழி: ஒவ்வொரு முதன்மை எண்ணாகத் தனியே எடுங்கள். 2ஐ எடுத்தால், எந்த வாய்க்காலில் 2இன் அடுக்கு மிகக் கூடவோ அதைப் பிடியுங்கள். மற்ற வாய்க்கால்கள் அதோடு ஒத்துப்போனால் போதும், தங்களுக்குள் தனியே பார்க்கத் தேவையில்லை. எழுதிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். ஒட்டுசுட்டான் அண்ணையும் வரவேண்டும், கேள்வி அவருடையது.

ஒட்டுசுட்டான் கமம்

சனிக்கிழமை சூடடிப்பு. மழை வந்தால் வருகிறேன்.